மஞ்சள் பூத்த தையல் இயந்திரம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருட் கடைகளை நிதானமாகச் சுற்றி வருபவர்களுக்கு ஓர் உண்மை தானே விளங்கும்: பர்மாத் தேக்கில் இழைத்த தூணும், பித்தளை அண்டாவும், எனாமல் தூக்கும் வயது ஏற ஏற மதிப்பும் ஏறப் பெறுகின்றனவேயன்றி முதுமையினால் சிறுமை அடைவதில்லை. ஆத்தங்குடிக் கல் கால்படக் கால்பட மெருகேறுகிறது. சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்த செட்டிநாட்டுச் சுவரோ, நூறாண்டு கடந்த பின்னும் ஈரத் துணியால் ஒரு முறை துடைத்தால் பளிங்குபோல் பிரகாசிக்கிறது. இந்தப் பாக்கியம் வாய்க்காத பொருள் பிளாஸ்டிக்.

அத்தகைய சுவர் ஒன்றின் ஓரமாக, ஜன்னலுக்கு அருகில், உறவினர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த மின்சாரத் தையல் இயந்திரம் ஒன்றை அண்மையில் பார்த்தேன். வந்த நாளில் வெள்ளை வெளேரென்று இருந்த அது, இப்போது பழுத்த பூவரச இலையின் நிறம் கொண்டிருந்தது. “எம்புட்டுத் தேச்சும் போகமாட்டேங்குது தம்பி, பாத்திரம் விளக்குற பவுடரு கூடப் போட்டுப் பாத்துட்டேன்” என்றார் அந்த வீட்டு ஆச்சி. பாபின் இருக்கும் இடத்தின் மூடியை நான் மெல்லத் திறந்து காட்டினேன். வெளிச்சம் படாத அதன் உட்புறம் வாங்கிய அன்று இருந்த வெண்மையோடு அப்படியே இருந்தது. “அழுக்காக இருந்தால் தேய்த்தால் போயிருக்கும், ஆச்சி, இது வெயில் செய்த வேலை” என்றேன்.

இத்தகைய இயந்திரங்களின் மேலோடு பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. அதில் அடங்கிய மூன்று சரக்குகளில் பியூட்டடையீன் என்பது ரப்பரின் சுபாவம் உடையது. கீழே விழுந்தாலும் ஓடு எளிதில் உடையாமல் தாங்குவதற்கு அதுவே காரணம். ஆனால் சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் முதலில் தாக்குவதும் அதைத்தான். அந்தத் தாக்குதலால் பிறக்கும் புதிய சேர்மங்கள் ஒளியின் நீலப் பகுதியை விழுங்கிவிடுவதால், எஞ்சியது நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தோன்றுகிறது. ஆகவே மஞ்சள் என்பது மேலே படிந்த மாசு அன்று, பொருளுக்குள்ளேயே விளைந்த விகாரம் என்பதை உணராமல் அழுத்தித் தேய்ப்பவர்கள், மஞ்சளைப் போக்காமல் மெருகைப் போக்கிவிட்டுக் கீறல்களையே லாபமாக அடைகிறார்கள்.

இதற்கு மருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு. 1818-ல் பிரெஞ்சு ரசாயன அறிஞர் தேனார் கண்டறிந்த இந்தத் திரவம், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெருமளவில் மின்னாற்பகுப்பு முறையாலேயே தயாரிக்கப்பட்டது. அழகப்பச் செட்டியாரின் கொடையினால் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைப் பெற்றிருக்கும் காரைக்குடிக்கு இந்த ரசாயனம் ஒருவகையில் உறவுமுறை என்றே சொல்லலாம். பழைய கணிப்பொறிகளைச் சேகரிக்கும் வெளிநாட்டு ஆர்வலர்கள், 2008-ஆம் ஆண்டை ஒட்டி இதையும் புற ஊதாக் கதிரையும் சேர்த்துப் பிரயோகித்து, மஞ்சளித்த பெட்டிகளை வெளுப்பித்துக் காட்டினார்கள். எந்த வெயில் கெடுத்ததோ அதே வெயிலே, பெராக்சைடு துணை நிற்கும்போது, நிறத்தை மீட்டுத் தருவது இதில் உள்ள விந்தை.

முறை எளிதானது, அவசரம்தான் ஆகாது. முதலில் மின் இணைப்பை நீக்கிவிட்டு, திருகுகளைக் கழற்றி, பிளாஸ்டிக் மேலோட்டை மட்டும் தனியே எடுத்து, சோப்பு நீரில் கழுவிக் காயவிட வேண்டும். இரும்புப் பாகத்தின் மீதோ மின் கம்பியின் மீதோ மருந்து படலாகாது. அழகு நிலையங்களில் தலைமுடிக்கு நிறமேற்றப் பயன்படுத்தும், 12 சதவீதப் பெராக்சைடு கொண்ட டெவலப்பர் கிரீமே வழிந்தோடாமல் ஒட்டி நிற்பதால் வசதியானது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் பரீட்சித்துப் பார்த்தபின், எழுத்தும் ஸ்டிக்கரும் உள்ள இடங்களை விலக்கி, எங்கும் ஒரே சீராகப் பூசி, கிரீம் உலராதபடி மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி, வளவு முற்றத்தில் விழும் காலை வெயிலில் வைக்கலாம். மணிக்கு ஒருமுறை திருப்பி, காய்ந்த இடத்தில் மறுபடியும் பூச வேண்டும். இல்லாவிட்டால் திட்டுத் திட்டாக வெளுத்து, முன்பிருந்ததைவிட விகாரமாகிவிடும். சித்திரை மாதத்து உச்சி வெயில் மெல்லிய ஓட்டை வளைத்துவிடக் கூடியதாகையால் அதைத் தவிர்ப்பது விவேகம். கையுறையும் கண்ணாடியும் அணியாமல் இந்தக் கிரீமைத் தொடவே கூடாது. தோலைச் சுட்டு வெளுக்கச் செய்யும் வலிமை அதற்கு உண்டு. மஞ்சளின் அழுத்தத்திற்கு ஏற்ப ஒரு நாளோ இரண்டு மூன்று நாளோ ஆகும். பிறகு நன்றாகக் கழுவித் துடைத்துவிட வேண்டியதுதான்.

பல வீடுகளில் இந்தப் பிளாஸ்டிக் இயந்திரத்துக்கு மூத்த தமக்கைபோல் கறுப்பு இரும்பு இயந்திரமும் ஒன்று இருக்கும். அதன் தங்கப் பூவேலைக்கு இந்த வைத்தியம் பொருந்தாது. பழைய வார்னிஷைக் கரைத்துவிடும் ஸ்பிரிட்டையும் அதன் அருகே கொண்டுபோகாமல், தையல் எண்ணெய் தொட்ட மென்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்வதே உத்தமம்.

பெராக்சைடு நிறத்தைத்தான் மீட்குமே தவிர, நொய்ந்துபோன பிளாஸ்டிக்கின் உறுதியை மீட்காது. அஜாக்கிரதையாக இருந்தால் சில ஆண்டுகளில் மஞ்சளும் திரும்பி வரும். ஆகவே வெளுத்த இயந்திரத்தை மறுபடியும் ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் கெட்டித் துணி உறை போட்டு மூடுங்கள். அந்த உறையை அந்த இயந்திரத்திலேயே தைத்துவிடலாம்.