அய்யனார் கோவில் ஆத்து நத்தை, கடல் மீன் தொட்டிக்கு செட் ஆகுமா?

ராஜபாளையம் பக்கம் அய்யனார் கோவில் ஆத்துல ஒரு குளியல் போட்டுட்டு நிமிர்றீங்க. பாறையில நத்தைகள் ஒட்டியிருக்கு. 'வீட்டுல இருக்கிற கடல் மீன் தொட்டி பூரா பாசி. இதுல நாலு எடுத்துட்டுப் போய் விட்டா க்ளீன் பண்ணிடுமே'ன்னு தோணுதா? கொஞ்சம் பொறுங்க.

கடல் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். ஆத்து நத்தையை அதில் விட்டால், அதன் உடம்பில் இருக்கும் நீர் வெளியேறி செத்துப்போகும். செத்தது அழுகினால் அம்மோனியா ஏறும். அடுத்து மீன்களுக்கும் ஆபத்து. தவிர, அந்த மலைக்காடு 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து எந்த உயிரையும் எடுத்து வரக் கூடாது.

'அப்போ தூத்துக்குடி கடற்கரையில பொறுக்கிக்கலாமா?' அதுவும் வேண்டாம். ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரையிலான 21 தீவுகள், 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவில் வருகின்றன. சில கடல் நத்தைகளும் சங்குகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளன. கூம்பு நத்தைன்னு ஒண்ணு இருக்கு. ஓடு அவ்வளவு அழகு; ஆனா விஷ ஊசி வெச்சிருக்கும். அதில் சில வகைகள் ஆளையே கொல்லக்கூடியவை. எங்கிருந்து வந்ததுன்னு சொல்லி, பில்லும் தர்ற கடையில வாங்குறதுதான் பாதுகாப்பு.

எந்தப் பாசிக்கு யார்?

ட்ரோகஸ்: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நல்ல சாய்ஸ். கண்ணாடி, கல் ரெண்டையும் மேயும். கவிழ்ந்தாலும் தானே நிமிர்ந்துடும்.

அஸ்ட்ரேயா: நல்லா மேயும். ஆனா மணலில் மல்லாந்து விழுந்தால் பெரும்பாலும் எழ முடியாது. தினமும் ஒரு தடவை பார்த்து நிமிர்த்தி விடணும்.

டர்போ: முடி மாதிரி வளரும் பச்சைப் பாசிக்கு இதுதான் ஆள். உடம்பு பெருசு, ஒட்டாமல் வைத்த பவளத்தைத் தள்ளிவிடும். சின்னத் தொட்டியில் சாப்பாடு தீர்ந்து பட்டினி கிடக்கும்.

செரித்: ராத்திரியில் மணலையும் கல் இடுக்கையும் சுத்தம் பண்ணும்.

நெரைட்: கண்ணாடிக்கு சூப்பர். தொட்டியை விட்டு ஏறி வெளியே வந்துடும், மூடி அவசியம்.

கடையில் 'நாசேரியஸ்' கொடுத்தால் ஏமாறாதீங்க. அது மிச்ச மீன் தீவனத்தைத் தின்னுமே தவிர, பாசியைத் தொடாது. துறவி நண்டு பாசி தின்னும்; ஆனா ஓட்டுக்காக நத்தையையே கொல்லும். காலி ஓடுகள் சிலதைப் போட்டு வைத்தால் அந்த ஆபத்து குறையும். 'டேங்' மீன் பாசி மேயும்தான், ஆனா நீந்த பெரிய தொட்டி வேணும்.

தொட்டியில் விடும்போது...

புதுத் தொட்டியில் முதலில் வரும் பழுப்புப் படலம் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகக் குறையும். அதைப் பார்த்துப் பதறி இருபது நத்தை வாங்காதீங்க. மூணு நாலில் ஆரம்பிங்க. பாசி தீர்ந்துட்டால், காய்ந்த கடல்பாசித் துண்டைப் போடுங்க.

வாங்கி வந்ததும் அப்படியே கொட்டிடாதீங்க. ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் கலந்து பழக்குங்க. மீன் நோய்க்குப் போடும் தாமிரம் கலந்த மருந்து நத்தைகளுக்கு எமன். ஏற்கெனவே அந்த மருந்து போட்ட தொட்டி என்றால் கடைக்காரரிடம் சொல்லிடுங்க.

நம்ம ஊர் வெயிலில் தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்பு மட்டும் அப்படியே நிற்கும். அதனால் குறைந்த அளவுக்கு உப்புத்தண்ணீர் ஊற்றாமல், வெறும் ஆர்.ஓ தண்ணீர் ஊற்றுங்க.

கடைசியா ஒண்ணு. நத்தை பாசியை மேயும். பாசி வர்ற காரணத்தை மேயாது. அதிகத் தீவனம், குழாய்த் தண்ணீர், நாள் பூரா எரியும் லைட்... இதையெல்லாம் குறைக்க வேண்டியது நீங்கதான். வளர்க்க முடியலையா? ஆத்துலயோ கடல்லயோ விட்டுடாதீங்க, கடையில திருப்பிக் கொடுங்க. அய்யனார் கோவில் நத்தை அங்கேயே பாறையில நிம்மதியா இருக்கட்டும்!