வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற மூடாக்கு

கோடை வெயில் ஏறி அடிக்கும் நாட்களில், செடியின் அடிமண்ணை வெறுமையாக விட்டுவிட்டு வேளைக்கொரு குடம் நீர் ஊற்றிக்கொண்டிருப்பதைவிட, அம்மண்ணின்மேல் சருகையோ வைக்கோலையோ பரப்பி மூடிவிடுவது எவ்வளவோ சிலாக்கியமானது என்பதை நம் உழவர்கள் நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள். மூடாக்கு என்று வழங்கும் இம்முறையால் ஈரம் தங்குகிறது, களைக்கு வெளிச்சம் கிடைப்பதில்லை, மண்புழுக்கள் பெருகுகின்றன, பரப்பிய பொருளே நாளடைவில் மக்கி எருவாகிறது. ஆனால் வயலில் பரப்புவதற்கும் வீட்டு முற்றத்தில் பரப்புவதற்கும் பெரிய பேதம் உண்டு. முற்றத்தில் குழந்தை தவழ்கிறது. எதையும் மூக்கால் ஆராய்ந்து வாயால் பரீட்சிக்கும் சுபாவமுள்ள நாய் திரிகிறது. ஆகையால், செடிக்கு இது நல்லதா என்று கேட்பதற்கு முன்னால், இது ஒரு ஜீவனின் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று கேட்பதே வீட்டுத் தோட்டக்காரரின் முதற் கடமை.

இந்தக் கேள்வியை அலட்சியம் செய்வதால் விளையும் அபாயத்துக்குக் கொக்கோ விதையின் மேல்தோல் சரியான திருஷ்டாந்தம். சாக்லேட் தொழிற்சாலைகளில் விதையை வறுக்கும்போது கழியும் இந்தத் தோலை மேல்நாடுகளில் மூட்டைகளில் அடைத்து, அழகிய நிறமும் இனிய வாசனையும் உள்ள மூடாக்காக விற்கிறார்கள். அந்த வாசனையே நாயை வசீகரிக்கிறது. தோலில் உள்ள தியோபுரோமின் என்ற வஸ்து மனித உடலிலிருந்து விரைவில் நீங்கிவிடும். நாயின் உடலிலிருந்து அதில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் சேர்ந்தாலே வாந்தியும் பேதியும் பரபரப்பும் தோன்றும். 40, 50 மில்லிகிராமில் இதயத்துடிப்பு தாறுமாறாகும். 60 மில்லிகிராமை எட்டினால் வலிப்பு வரக்கூடும். தோலில் இந்த விஷத்தின் அளவு சரக்குக்குச் சரக்கு மாறுபடும் என்றாலும், நூற்றில் ஒரு பங்கு இருப்பதாகவே வைத்துக்கொண்டால், 10 கிலோ எடையுள்ள நாய்க்கு 20 கிராம் தோலே உபத்திரவம் தொடங்கப் போதுமானது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கங்களில் தென்னைக்கு ஊடுபயிராகக் கொக்கோ விளைகிறது. ஆகவே இந்தத் தோல் மலிவாகக் கிடைக்கிறது என்று எவரேனும் கொண்டுவந்து கொடுத்தால், நாய் உள்ள வீட்டார் அதை ஏற்காமலிருப்பதே விவேகம்.

நமக்கு இன்னும் சமீபத்தில் இருக்கும் ஆபத்து ஆமணக்குப் புண்ணாக்கு. எண்ணெய் ஆட்டும்போது, விதையிலுள்ள ரிசின் என்ற கொடிய விஷம் எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. போதிய அளவு சூடேற்றினாலன்றி அது அழிவதில்லை. எருவாக இதைச் செடியின் அடியில் தூவி அதன்மேல் சருகைப் பரப்புவோர் பலர். நாயோ அதன் மணத்தை மோப்பம் பிடித்துச் சருகைக் கிளறித் தின்றுவிடுகிறது. உடனே ஒன்றும் தெரியாமல், சில மணி நேரம் கழித்தே வாந்தியும் இரத்தம் கலந்த பேதியும் கண்டு நிலைமை விபரீதமாகிறது. எலும்புத்தூளோடு கலந்து இட்டால் கவர்ச்சி பன்மடங்காகும். புண்ணாக்கு அவசியம் என்று கருதுவோர் வேப்பம் புண்ணாக்கை உபயோகிக்கலாம். அதன் கசப்பை நாய் பெரும்பாலும் விரும்புவதில்லை.

அப்படியானால் எதைத்தான் பரப்புவது? என் அபிப்பிராயத்தில் காய்ந்த மாவிலை, பலாவிலை, வேப்பஞ்சருகு ஆகியவற்றுக்கு ஈடானது எதுவுமில்லை, காசுமில்லை, கலப்படமுமில்லை. அரளி இலையை மட்டும் ஒரு துண்டும் சேரவிடக் கூடாது. காய்ந்த பின்னும் அதன் விஷம் இதயத்தைத் தாக்கும். தென்னை நார்க்கழிவு தன் எடையைப்போல் பல மடங்கு நீரைத் தாங்கும் உத்தமமான பொருள். ஆயினும் பச்சையாக இட்டால் உப்பும் துவர்ப்பும் வேரைப் பாதிக்கும். சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் இட்டு அதை மக்கவைக்கும் முறையைக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்திருக்கிறது. அதனால் தழைச்சத்துக்குக் கரியின் விகிதம் 112இலிருந்து 24 அளவுக்கு இறங்கிவிடுகிறது. நிலக்கடலைத் தோலும் நல்லதே. ஆனால் பூசணம் பிடித்திருந்தால் வேண்டாம். 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்ததற்குக் காரணம், கடலைப் புண்ணாக்கில் படிந்த பூசணத்தின் அஃப்லாடாக்சின் நஞ்சே என்று பின்னர் தெரியவந்தது. அந்த நஞ்சு நாயின் ஈரலையும் கெடுக்கும். மருந்தேற்றிய பழைய மரச் சட்டங்களைச் சீவிய துண்டுகளும் ஆகா. அவற்றில் ஆர்சனிக் இருக்கக்கூடும்.

பரப்பும் முறையிலும் கவனம் வேண்டும். இரண்டு முதல் மூன்று அங்குல கனம் போதும். தண்டைத் தொடாமல் நான்கு விரல் இடம் விடவேண்டும். இல்லாவிட்டால் தண்டு அழுகும். சுவரோரத்தில் ஓரடி அகலத்துக்கு மண்ணை வெறுமையாக விட்டால், கறையான் மறைவாக வீட்டுக்குள் ஏறாது. கனத்த வைக்கோற்படுகை தேளுக்கும் பாம்புக்கும் ஒளிவிடமாகும் என்பதால் வாசற்படிக்கு அருகில் அது கூடாது. தேங்காய்ச் சிரட்டையைப் பரப்புவோர் கவிழ்த்துப் பரப்பட்டும். தேங்கிய நீரில் டெங்குக் கொசு முட்டையிடும். பூனை இளகிய மூடாக்கைத் தோண்டி மலம் கழிக்கும் பழக்கமுடையது. அதன் மலத்தின் வழியாகப் பரவும் ஒருவகைக் கிருமி கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கும். ஆகவே கர்ப்பிணிகள் அவ்விடத்தில் கையுறையின்றி வேலை செய்யலாகாது.

இவ்வளவுக்கும் மீறி நாய் எதையாவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் எழுந்தால், குணங்குறி தெரியட்டும் என்று காத்திராதீர்கள்; வாந்தி வருவிப்பதற்காக உப்புக் கரைசல் புகட்டாதீர்கள்; அந்த உப்பே அதற்கு விஷமாகும். தின்ற பொருளில் ஒரு பிடியையும் அது வந்த சாக்கையும் கையோடு எடுத்துக்கொண்டு, அக்கணமே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள்.