மோதிரமும் கோலும்

1077ஆம் ஆண்டு ஜனவரித் திங்களின் இறுதியில், வட இத்தாலியில் அப்பினைன் மலைச்சாரலிலுள்ள கனோசாக் கோட்டையின் வாயிலில், ஜெர்மானிய மன்னன் நான்காம் ஹென்றி வெறுங்காலோடு நின்றான். அரச உடை களைந்து, முரட்டுக் கம்பளி உடுத்தி, உள்ளே தங்கியிருந்த போப்பாண்டவர் ஏழாம் கிரெகோரியின் மன்னிப்பை வேண்டி அவன் நின்றது மூன்று நாள். இடைக்கால ஐரோப்பாவைப் படிக்கும் மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிற காட்சி இது. மன்னன் ஏன் நின்றான் என்று வகுப்பிலே கேட்டால், "தெய்வத்துக்கு அஞ்சி" என்று விடை வரும். விடை தவறன்று, ஆனால் அது பாதி விடையே. மற்றப் பாதி நிலத்திலே கிடக்கிறது.

அந்நாளைய ஐரோப்பாவில் செல்வம் என்றால் நிலம். மன்னனிடம் சம்பளம் பெறும் படையும் இல்லை. வரி தண்டும் அலுவலரும் மிகுதியாக இல்லை. ஆகவே அவன் பிரபுக்களுக்கு நிலத்தை மானியமாக விட்டான். மானியம் பெற்றவன் புனிதர்களின் திருப்பண்டங்கள்மீது கைவைத்து விசுவாசப் பிரமாணம் செய்தான்; அழைத்தபோது குதிரை வீரர்களுடன் வந்து நின்றான். இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. பிரபுவுக்குப் பிள்ளைகள் பிறந்தனர். தந்தைக்குக் கொடுத்த நிலத்தை மகன் தன் பிதிரார்ஜிதமாகக் கருதினான். பேரன் காலத்திலோ அது மன்னன் கொடுத்தது என்ற நினைவே தேய்ந்துவிட்டது. கொடுக்கக் கொடுக்க மன்னன் கை வெறுங்கையாயிற்று.

இதற்கு முதலாம் ஓட்டோவும் (936-973) அவன் பின்வந்தோரும் கண்ட வழி ஆயர்களே. ஆயருக்குச் சட்டப்படியான வாரிசு கிடையாது. அவர் இலத்தீன் கற்றவர். ஓலை எழுதவும் கணக்குப் பார்க்கவும் வல்லவர். அவர் மறைந்தால் அவருடைய நிலம் மன்னன் சொற்படி மற்றோர் ஆயரைச் சேரும். எனவே மன்னர்கள் ஆயர்களுக்கு ஊர்களையும், சந்தை கூட்டும் உரிமையையும், சுங்கத்தையும், நாணயம் அடிக்கும் உரிமையையும் வாரி வழங்கினர். பதிலுக்கு ஆயர்கள் படையும் அனுப்பினர். இரண்டாம் ஓட்டோவின் இத்தாலியப் படையெடுப்புக்காக 981இல் எழுதப்பட்ட ஒரு பட்டியல் கிடைத்துள்ளது. அதிற்கண்ட கவசக் குதிரை வீரருள் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆயர்களும் மடத்துத் தலைவர்களும் அனுப்பவேண்டியவர்கள்! அரசின் முதுகெலும்பு கோயிலிலே இருந்தது என்றால் மிகையாகாது.

இத்தகைய ஆயரை யார் நியமிப்பது? மன்னன்தான். நியமனத்தின் அடையாளமாக அவன் தன் கையாலேயே ஒரு மோதிரத்தையும் ஒரு கோலையும் கொடுத்தான். மோதிரம், ஆயர் தம் திருச்சபைக்கு மணமகனைப்போல் கட்டுப்பட்டவர் என்பதைக் குறிப்பது. கோல், மந்தையை மேய்க்கும் இடையன் கோல். (தமிழ்க் கிறிஸ்தவர் வழங்கும் 'ஆயர்' என்னும் சொல்லுக்கும் பொருள் அதுவே, மொழிபெயர்த்தோர் நன்றாகத் தேர்ந்திருக்கின்றனர்.) இரண்டும் ஆன்மிக அடையாளங்கள். அவற்றைக் குடும்பியாகிய மன்னன் கொடுப்பது எப்படித் தகும்? இக்கேள்வி நெடுங்காலம் எழவில்லை. காரணம், மன்னனும் முடிசூட்டின்போது எண்ணெயால் அபிடேகம் பெற்றவன்; அவனைச் சாதாரணக் குடும்பியாக யாரும் எண்ணவில்லை. ஹென்றியின் தந்தை மூன்றாம் ஹென்றி, 1046இல் போப்பாண்டவர் பதவிக்கு உரிமை கொண்டாடிய மூவரையும் விலக்கிவிட்டு, தான் விரும்பிய ஜெர்மானிய ஆயர் ஒருவரை அப்பீடத்தில் ஏற்றினான். ஐரோப்பா அதைச் சீர்திருத்தம் என்றே வரவேற்றது.

ஆனால் அதே சீர்திருத்தத்திலிருந்துதான் எதிர்ப்பும் முளைத்தது. ஆயர் பதவி பணத்துக்கு விலைபோவதைக் கண்டு மனம் நொந்த துறவிகள், பதவியைக் கொடுப்பவன் மன்னனாக இருக்கும்வரை இந்த விற்பனை ஒழியாது என்று வாதிட்டனர். 1059இல் போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கும் முதலுரிமை கர்தினால்களுக்கே உரியது என ஓர் ஆணை பிறந்தது. அந்த அணியைச் சேர்ந்த ஹில்டபிராண்டு என்பவர் 1073இல் ஏழாம் கிரெகோரி என்ற பெயருடன் போப்பாண்டவரானார். 1075ஆம் ஆண்டில் அவருடைய பதிவேட்டில் 27 வாசகங்கள் எழுதப்பட்டன. பேரரசர்களைப் பதவியிலிருந்து இறக்கும் அதிகாரம் போப்பாண்டவருக்கு உண்டு என்பது அவற்றுள் ஒன்று. தீய தலைவனுக்குச் செய்த பிரமாணத்திலிருந்து குடிகளை அவர் விடுவிக்கலாம் என்பது மற்றொன்று. முன்னதைவிடப் பின்னதே கூரிய வாள்.

நான்காம் ஹென்றி ஆறு வயதுக்கு முன்பே மன்னனானவன். அவன் சிறுவனாக இருந்த 1062இல், கொலோன் நகரத் தலைமை ஆயர் அன்னோ, ரைன் ஆற்றங்கரையில் அழகிய படகொன்றைக் காட்டி அவனை அதில் ஏற்றிக் கடத்திக்கொண்டு போனார். பையன் ஆற்றிலே குதித்தான். பிரபு ஒருவன் பின்னாலேயே பாய்ந்து அவனை மீட்டான். ஆட்சியைக் கைப்பற்ற அரசப் பிள்ளையைத் திருடியவர் ஒரு தலைமை ஆயர் என்பதை நினைத்தால், அந்த உலகில் சமயத்துக்கும் அரசுக்கும் நடுவே எங்கே கோடு கிழிப்பது என்பது விளங்காது.

வளர்ந்த ஹென்றி 1075இல் சாக்சனியக் கலகத்தை அடக்கினான். அந்த வெற்றிச் செருக்கில் மிலான் நகருக்குத் தன் ஆளையே தலைமை ஆயராக நியமித்தான். கிரெகோரியார் கண்டித்தார். 1076 ஜனவரியில் ஹென்றி வோர்ம்ஸ் நகரில் தன் ஆயர்களைக் கூட்டி, ஹில்டபிராண்டு பதவி விலகவேண்டும் என்று எழுதினான். போப்பாண்டவர் என்ற பட்டம்கூட அம்மடலில் இல்லை. அடுத்த மாதமே கிரெகோரியார் ஹென்றியைத் திருச்சபையினின்று விலக்கினார்; அவன் ஆளக்கூடாது என்றார்; அவனுக்குச் செய்த பிரமாணங்கள் யாரையும் கட்டுப்படுத்தா என்றும் அறிவித்தார்.

போப்பாண்டவரிடம் ஜெர்மனியை வெல்லப் படை ஏதும் இல்லை. அவர் எய்தது ஒரு சொல். அச்சொல் ஏன் பலித்தது? அந்த அரசு முழுவதும் பிரமாணத்தால் கட்டப்பட்டிருந்தது. கட்டை அவிழ்க்கும் உரிமை தமக்கு உண்டு என்று ஒருவர் சொன்னதும், அவிழ்த்துக்கொள்ளக் காத்திருந்தவர்கள் முன்வந்தனர். தோற்ற சாக்சனியருக்கும், மன்னன் வலுப்பதைப் பொறாத பெரும் பிரபுக்களுக்கும் கலகம் செய்ய இதைவிட நல்ல நியாயம் கிட்டியிராது. 1076 அக்டோபரில் டிரிபூரில் கூடிய அவர்கள், ஓராண்டுக்குள் விலக்கு நீங்காவிட்டால் ஹென்றியை மன்னனாக ஏற்பதில்லை என்றனர். வரும் பிப்ரவரியில் ஆக்ஸ்பர்க் நகருக்கு வந்து வழக்கைத் தீர்க்குமாறு போப்பாண்டவரையும் அழைத்தனர்.

ஹென்றி நின்ற பனியின் பொருள் இப்போது தெளிவாகும். போப்பாண்டவரும் பிரபுக்களும் ஒன்றுகூடினால் அவன் தொலைந்தான். அவர்கள் கூடுமுன் அவரைத் தனியே சந்திக்க வேண்டும். கடுங்குளிரில், மனைவியையும் மூன்று வயதுகூட நிரம்பாத மகனையும் அழைத்துக்கொண்டு அவன் ஆல்ப்ஸ் மலையைக் கடந்தான். ஆக்ஸ்பர்க் நோக்கிப் புறப்பட்டிருந்த கிரெகோரியார், தம் ஆதரவாளரான மட்டில்டா அம்மையாரின் கனோசாக் கோட்டைக்குள் ஒதுங்கினார். வந்தவன் படையோடு வரவில்லை, பாவியாக வந்தான். கிரெகோரி போப்பாண்டவர் மட்டுமல்லர், குருவும் ஆவார். மனம் திருந்தி அழுபவனை ஒரு குரு எத்தனை நாள் வாசலில் நிறுத்துவார்? தம்முடன் இருந்தவர்களே தம்மைக் கல்நெஞ்சர் என்று குறைகூறியதை, ஜெர்மானியப் பிரபுக்களுக்கு விடுத்த மடலில் கிரெகோரியாரே குறிப்பிடுகிறார். விலக்கு நீங்கிற்று. ஆக்ஸ்பர்க் கூட்டம் நடக்கவே இல்லை. அன்று மண்டியிட்டவன் தோற்றான் என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

பின் நடந்தவற்றை விரைவாகச் சொல்லலாம். பிரபுக்கள் 1077 மார்ச்சில் ரூடால்ப் என்பவனைப் போட்டி மன்னனாக்கினர். அவன் 1080இல் போரில் வலக்கையை இழந்து மாண்டான். பிரமாணம் செய்த கை அதுவல்லவா என்று ஹென்றியின் ஆட்கள் சுட்டிக்காட்டத் தவறவில்லை. இரண்டாம் முறை விலக்கப்பட்ட ஹென்றி 1084இல் உரோம் நகரைக் கைப்பற்றினான். கிரெகோரியார் மறுஆண்டு சலேர்னோவில் அகதியாக இறந்தார். ஹென்றியோ சொந்த மகனாலேயே முடி துறக்கச் செய்யப்பட்டு 1106இல் மாண்டான். விலக்கப்பட்டவன் என்பதால் அவன் உடல் 1111வரை முறையான அடக்கமின்றிக் கிடந்தது.

இந்த 1111ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்று கனோசாவைவிடக் கருதத்தக்கது. பாடநூல்கள் அதற்கு ஒரு வரிக்குமேல் இடம் தருவதில்லை. முடிசூட உரோம் வந்த ஐந்தாம் ஹென்றியிடம் போப்பாண்டவர் இரண்டாம் பாஸ்கல் ஓர் உடன்பாடு செய்தார். மன்னர்கள் கொடுத்த நிலம், சுங்கம், நாணய உரிமை அனைத்தையும் ஆயர்கள் திருப்பித் தந்துவிட வேண்டும். தசமபாகத்திலும் காணிக்கையிலும் வாழவேண்டும். பதிலுக்கு மன்னன் மோதிரத்தையும் கோலையும் இனித் தொடமாட்டான். நாற்பது ஆண்டுப் பூசலுக்கு இதைவிட நேரான தீர்வு இல்லை. பிப்ரவரி 12ஆம் நாள் புனித பேதுரு பேராலயத்தில் அது படிக்கப்பட்டது. படித்ததும் ஆலயம் அமளிக்காடாயிற்று. ஆயர்கள் கூச்சலிட்டனர், கோயில் நிலங்களை உள்மானியமாக அனுபவித்துவந்த பிரபுக்களும் சேர்ந்து கூச்சலிட்டனர். உடன்பாடு அங்கேயே செத்தது. மன்னன் போப்பாண்டவரைச் சிறைப்பிடித்தான்.

இறுதியில், 1122 செப்டம்பரில் வோர்ம்ஸ் நகரில் நிலத்தை யாரும் இழக்காத ஓர் ஏற்பாடு உருவாயிற்று. மோதிரமும் கோலும் திருச்சபையின் கைக்குப் போயின. நில உரிமைகளை மன்னன் செங்கோலால் தொட்டு வழங்கினான். ஜெர்மனியில் செங்கோல் முதலில், அபிடேகம் பின்னர்; தேர்தலும் மன்னன் முன்னிலையில். இத்தாலியிலும் பர்கண்டியிலும் அபிடேகம் முதலில், செங்கோல் ஆறு மாதத்துக்குள். சிறு வேறுபாடு போலத் தோன்றும். ஆனால் அபிடேகம் ஆகிவிட்ட ஆயருக்குச் செங்கோலை மறுப்பது எளிதன்று. இத்தாலியில் மன்னன் பிடி தளர்ந்தது இவ்வாறே.

ஜெர்மானிய ஆயர்கள் நிலத்தோடு நிலைத்தனர். மைன்ஸ், கொலோன், டிரியர் தலைமை ஆயர்கள் பேரரசனைத் தேர்ந்தெடுப்போராகவே விளங்கினர். அந்தக் கோயில் அரசுகள் ஏறக்குறைய அனைத்தும் 1803இல், நெப்போலியன் காலத்து ஏற்பாட்டில், சட்டத்தால் பறிக்கப்பட்டன. பாஸ்கலின் உடன்பாடு கூச்சலில் அமிழ்ந்து அப்போது 692 ஆண்டுகள் ஆகியிருந்தன.