ஊர்ப் பெயரும் உண்டிப் பெயரும்

ஆணையாற் பிறக்கும் பெயர்களும் உள. மக்கள் நாவிற் பிறக்கும் பெயர்களும் உள. இவற்றுள் எவை நிலைப்பன என்பதற்கு மெக்சிக்கோ நாட்டின் வட எல்லையிலுள்ள பியத்ராஸ் நெக்ராஸ் நகரிலே நாம் சான்று காணலாம்.

ஸ்பானிய மொழியில் இப்பெயர் 'கரிய கற்கள்' எனப் பொருள்படும். அப்பகுதியிற் கிடைக்கும் நிலக்கரியே அதற்குக் காரணம். 1888இல் சனாதிபதி போர்பீரியோ தியாஸின் பெயர் இந்நகருக்குச் சூட்டப்பட்டது. 1911இல் புரட்சியால் அவர் பதவியிழக்கவே, பழம்பெயர் மீண்டது.

1940களின் முற்பகுதியில், எல்லையாற்றைக் கடந்து அமெரிக்கப் பெண்கள் சிலர் அந்நகரின் உணவுச்சாலையொன்றுக்கு வந்தனர். சமையற்காரர் அங்கில்லை. பரிமாறுவோரின் தலைவரான இக்னாசியோ அனாயா, பொரித்த சோள அப்பத் துண்டுகளின்மேற் பாற்கட்டியும் மிளகாயும் இட்டு, போறணையிற் சூடேற்றிப் படைத்தார். இக்னாசியோ என்பாரை அந்நாட்டார் 'நாச்சோ' எனச் செல்லமாக அழைப்பர். உணவுக்கு முன் பசியைத் தூண்டும் சிற்றுண்டியாக இன்று பல நாடுகளிலும் விளங்கும் 'நாச்சோஸ்' அவர் பெயராலேயே வழங்குகின்றது.

நெடுங்காலம் நாடாண்டவரின் பெயரை ஊர் உதறிற்று. விருந்தினரின் பசி தீர்த்த பணியாளரின் பெயரை உலகம் ஏற்றது. பிறர்க்குப் பயன்பட்ட செயலிலே வேரூன்றிய பெயரே நின்று நிலைக்கும் என்பதை நாம் இதனால் அறிகின்றோம்.