நாணயக் கண்காட்சிக்குப் போகிறீர்களா?

உங்கள் ஊர்ப் பக்கம் நாணயக் கண்காட்சி நடந்தால் ஒரு பூதக்கண்ணாடியும் கைக்கடக்கமான மின்தராசும் எடுத்துக்கொண்டு போங்கள். விக்டோரியா காலத்து வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். தேய்மானத்தால் சற்றுக் குறையலாம். வெகுவாகக் குறைந்தால் சந்தேகப்படுங்கள். விளிம்பைச் சுற்றி ஒட்டுத் தடம் தெரிந்தால், அது அச்சிட்டதல்ல, வார்த்தெடுத்த போலி.

ராமர், அனுமன் உருவத்தோடு 1818 என்று ஆண்டிட்ட ‘கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு’ கண்ணில் படலாம். அரிசியையே இழுக்கும் சக்தி இதற்கு உண்டு என்று கதை கட்டி லட்சக்கணக்கில் ஏமாற்றியிருக்கிறார்கள். சென்னையில் கம்பெனி அச்சிட்ட நட்சத்திர வராகனில் திருமால் உருவம் இருந்தது உண்மைதான். ஆனால் இந்த 1818 காசைக் கம்பெனி வெளியிடவே இல்லை.

அந்தப் பணத்துக்கு ஒரு ராஜராஜ சோழன் செப்புக்காசைத் தேடலாமே! ஒருபக்கம் நின்ற உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அருகில் நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’. எழுத்தைக் கட்டாயம் பாருங்கள். இலங்கையின் பொலன்னறுவையில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் காசும் இதே அமைப்பில்தான் இருக்கும். பெயர் மட்டும் வேறு.

வாங்கிய செப்புக்காசைத் தயவுசெய்து புளி போட்டுத் துலக்காதீர்கள். மேலே படிந்த பச்சைப் படலம் போனால் காசின் மதிப்பும் போய்விடும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசை வெளிநாட்டு உறவினருக்குப் பரிசாகக் கொடுத்தனுப்பவும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் தருவதில்லை.