ஒற்றைத் தலைவலி

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பழமொழி. ஒற்றைத் தலைவலிக்கு இது மிகவும் பொருந்தும். வெளியே ஒன்றும் தெரியாததால், "நடிக்கிறாள்" என்று சொல்லிவிடுவார்கள்.

இரத்தக் குழாய்கள் விரிவதே இதற்குக் காரணம் என்று முன்பு கருதினர். மூளையிலும் முகத்திற்கு உணர்வு தரும் நரம்பிலும்தான் இது தொடங்குகிறது என்பது இன்றைய கருத்து. பருவமடைந்தபின் ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் தாக்குகிறது. பட்டினி, தூக்கக் குறைவு, வெயில் ஆகியவை இதைத் தூண்டும். தலைக்குக் குளிப்பதும் சிலருக்குத் தூண்டுவதை, 94 இந்திய நோயாளிகளிடம் கண்டு மும்பை மருத்துவர் கே. ரவிசங்கர் 2006-இல் எழுதினார். வெள்ளிதோறும் தலைக்குக் குளித்து, சாப்பிடாமலே பஸ்ஸுக்கு ஓடும் மயிலாப்பூர்ப் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தோழியரே! வலி வந்த நாள், நேரம், உணவு, உறக்கம் இவற்றைக் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அடிக்கடி மாத்திரை விழுங்கினால் அதுவே தலைவலியைப் பெருக்கும். வலியால் துடிப்பவளைக் கேலி செய்யாமல், வெளிச்சமில்லாத இடத்தில் அமைதியாகப் படுக்க விடுவோம்.