வயல்வெளியில் எழுந்த குரல்

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் வண்டிகளைக் காணும்போதெல்லாம், கடல் கடந்த மண்ணில் கரும்பும் பருத்தியும் விளைவித்த அடிமைகளின் நினைவு எழுகின்றது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு விலங்கிட்டுக் கொண்டு செல்லப்பட்டோரில் குர்ஆன் ஓதக் கற்ற முஸ்லிம்களும் இருந்தனர். அவர்களுள் ஒருவரான உமர் இப்னு ஸயீத், 1831-இல் தம் வரலாற்றை அரபு மொழியிலேயே எழுதி வைத்தார்.

அடிமைகள் முரசு கொட்டுவதைத் தென் கரோலினாவின் 1740-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. குரலை எந்தச் சட்டம் தடுக்கும்? வயலில் தனித்து நின்று நீட்டி முழக்கிய அக்குரல்தான் பிற்காலத்தில் கிதாரின் துணையோடு 'புளூஸ்' என்னும் இசையாயிற்று. துயரத்தைப் பாடியே விடியலுக்குக் காத்திருந்தனர் அம்மக்கள். அதன் இழுப்பிலும் நெளிவிலும் பாங்கோசையின் சாயலைக் கேட்கிறார் வரலாற்றாய்வாளர் சில்வியான் தியூஃப். எல்லோரும் இதனை ஏற்பதில்லை என்பதும் உண்மையே. (இசை கூடுமா என்னும் வாதத்தை உலமாப் பெருமக்களிடமே விட்டுவிடுவோம்.)

நம்மிடையே இதற்கு நிகர் தேடின், நாகூர் இ.எம்.ஹனீபா (1925–2015) நினைவுக்கு வருகிறார். இறைப்புகழ் பாடிய அதே கம்பீரக் குரலால் திராவிட இயக்க மேடைகளிலும் அவர் முழங்கினார். தமிழ் மக்கள் அவருக்கு வழங்கிய பெயர் 'இசைமுரசு'.